இரண்டாவது வண்டி

என் தங்கை பேர்த் நகரத்தில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவள் தொலைபேசியில் அழைத்து, தானும் கணவரும் வேலையில் நீண்ட லீவு போட்டுவிட்டு, படுக்கையும் அடுப்பும் உள்ள இழுவை வண்டியான கரவன் ஒன்றைக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு புறப்படப் போவதாகச் சொன்னாள். மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தினூடாக வடக்கே ஏறி, முதலைகள் கிடக்கிற ஆறுகளைத் தாண்டி, பச்சைப் பிரதேசத்துக்குள் இறங்கி, டார்வினில் போய் நிற்பது அவர்களுடைய திட்டம்.

“நீங்களும் வாங்கோ அக்கா. உங்களுக்கெண்டு ரெண்டாவது கரவன் ஒண்டை வாடகைக்கு எடுப்பம். அத்தான் ஓடுவார்தானே. அவருக்கு உது விளையாட்டு.”

அத்தான் என்று அவள் சொன்னது என் கணவரை. அவர் இருபத்து மூன்று வருடங்களாக நீண்டதூர ட்ரக் ஓட்டுகிறார். ரொறன்ரோவில் சாமான் ஏற்றிக்கொண்டு வினிபெக், கல்கரி, சில வேளைகளில் எல்லை தாண்டி அரிசோனா என்று போவார். போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். வந்தால் இரண்டு நாள் நித்திரை. பாலைவனங்களை அவர் எத்தனையோ தரம் கடந்திருக்கிறார். நான் எங்கள் வீடு இருக்கும் மோர்னிங்சைட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து மோர்னிங்சைட்டுக்கும்தான் போய்வந்திருக்கிறேன்.

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை அரைக்கும் இடத்தில் எனக்கு வேலை. தூசி வரக்கூடாதென்று அங்கே ஜன்னலே வைக்கவில்லை. இரண்டு பஸ் பிடித்துப் போகவேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கனடாவுக்கு வந்த புதிதில் லைசன்ஸ் சோதனைக்கு இரண்டு தரம் போய் இரண்டு தரமும் தவறிவிட்டேன். இரண்டாவது தரம், இடப்பக்கம் திரும்பும்போது எதிரே வந்த பஸ்ஸை நான் கவனிக்கவில்லை. சோதிக்க வந்தவர் ஸ்டியரிங்கைப் பாய்ந்து பிடித்தார். அதற்குப் பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், இவர் ட்ரக் ஓடத் தொடங்கினார், நான் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

இப்போது பிள்ளைகள் இருவரும் வேறு நகரங்களில் இருக்கிறார்கள். தங்கை அழைத்த அன்று பின்னேரம், பழைய பள்ளிக்கூட ஃபைல் ஒன்றைத் தேடி எடுத்து, முதல் தாளில் “பேர்த் முதல் டார்வின் வரை” என்று எழுதினேன்.

அந்த ஃபைல் மூன்று மாதத்தில் பருத்துவிட்டது. மழைக்காலத்தில் வடக்கே தெருக்கள் வெள்ளத்தில் மூடிவிடும், ஆகவே மே மாதத்துக்குப் பிறகுதான் போகலாம். சில இடங்களில் ஒரு பெற்றோல் நிலையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் முந்நூறு கிலோமீற்றர் ஒன்றுமே இல்லை. பொழுதுபட்டால் ஓடக்கூடாது, மாடும் கங்காருவும் குறுக்கே வரும். ஆறு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கால் வைக்கக்கூடாது. திரும்பி வரும்போது மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் வாங்கி எறிந்துவிடுவார்கள். தங்கையின் கணவர் ஒவ்வொரு கிழமையும் ஒரு பட்டியல் அனுப்புவார், நான் அதைப் படி எடுத்துக் கோர்ப்பேன். வேலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடப் படிப்பேன். சுற்றிவர வெள்ளைச் சுவர். கையில் சிவந்த மண்ணின் படம்.

வீட்டுக்கு வந்திருக்கும் நாட்களில் கணவரிடம் கேட்பேன்.

“இஞ்சாருங்கோ, மண் றோட்டில ரயருக்குக் காத்து குறைக்கோணுமாம். எவ்வளவு குறைக்கிறது?”

அவர் சொல்லுவார். சரியாக, சுருக்கமாகச் சொல்லுவார். கரவனோடு பின்னுக்கு எடுப்பது எப்படி என்று கேட்டால், மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் வைத்துக் காட்டுவார். ஆனால், எப்போது போகலாம் என்று கேட்டால் மட்டும், “பாப்பம்” என்பார். மார்கழியில் கேட்டேன், பாப்பம். தைப்பொங்கல் அன்று கேட்டேன், பாப்பம். அதற்கு அடுத்த கிழமை, அவர் தன் கொம்பனியோடு கோடை முழுவதற்குமான ஓட்டத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது அவர் வேறு யாருடனோ தொலைபேசியில் கதைக்கும்போது எனக்குத் தெரியவந்தது.

நான் சண்டை பிடித்தேன். என் வாழ்க்கையில் அப்படிச் சத்தம் போட்டதில்லை. “நீங்கள் உலகம் முழுக்கப் பாத்திட்டீங்கள். நான் இந்த வீட்டுச் சுவரைப் பாத்துக்கொண்டு செத்துப்போறன்” என்றேன்.

இரண்டு நாள் கழித்து, அவர் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே, “வாற செவ்வாய் வினிபெக்குக்குப் போறன். ஆள் ஏத்திறதெண்டால் கொம்பனியில ஒரு கடுதாசி குடுக்கோணும், குடுத்திட்டன். நீரும் வாரும்” என்றார். “ஒருக்கா வந்து பாரும். பேந்து உம்மட கரவனைப் பற்றிக் கதைப்பம்.”

அது மாசி மாதம். வேலையில் ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு ஏறினேன். முதல் நாள் எனக்குச் சந்தோசம்தான். அவ்வளவு உயரத்தில் இருந்து பார்க்கும்போது கார்கள் எல்லாம் எங்கள் காலுக்குக் கீழே ஓடின. இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு தட்டுப் படுக்கை, ஒரு சின்னக் குளிர்பெட்டி, சோறு சூடாக்க மின்சாரப் பெட்டி. “கரவன் மாதிரித்தானே இருக்கு” என்றேன். அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் சுப்பீரியர் ஏரியின் கரையால் ஏறும்போது பனி கொட்டத் தொடங்கியது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னர் வாவாவுக்குக் கிட்ட பொலிஸார் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். வேறு பாதை கிடையாது. ட்ரக் தரிப்பிடம் ஒன்றுக்குள் எங்களைத் திருப்பிவிட்டார்கள். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பக்கத்திலும் ட்ரக்குகள். அன்றைக்குத் திறக்கும் என்றார்கள், திறக்கவில்லை. மேல் தட்டில் நான் படுத்தேன். முகத்துக்கு மேலே ஒரு முழம் இடம். எஞ்சின் நடுங்கிக்கொண்டே இருந்தது.

விடிந்தபோது நான்கு பக்கக் கண்ணாடியும் வெள்ளையாக இருந்தது. கடைக்குப் போய்க் கழிப்பறையில் வரிசையில் நின்றேன், தேநீர் வாங்கினேன், திரும்பி வந்தேன். மறுபடியும் அந்த இருக்கை. கால் நீட்டினால் பெட்டி, கையை நீட்டினால் கதவு. ஃபைலைக் கொண்டுபோயிருந்தேன். விரித்தேன், ஒரு எழுத்தும் மண்டைக்குள் போகவில்லை. மத்தியானம் அளவில் எனக்கு மூச்சு மேலே வரவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாமலே கதவைத் திறந்துகொண்டு குதித்தேன். காலில் வீட்டுச் செருப்பு. இரண்டு ட்ரக்குகளுக்கு நடுவில் முழங்கால் அளவு பனிக்குள் நின்று வாயால் காற்றை இழுத்தேன்.

அவர் என் பூட்சைத் தூக்கிக்கொண்டு பின்னாலே இறங்கி வந்தார். குனிந்து ஒவ்வொரு காலாகப் போட்டுவிட்டார்.

“எனக்கும் இப்பிடி வாறது” என்றார்.

“எப்ப?”

“முதல் வருசத்தில இருந்து. இப்ப கூட. சில நேரம் ஓடிக்கொண்டு இருக்கேக்க வரும். இறங்கவும் ஏலாது.”

நான் அவரைப் பார்த்தேன். தாடியில் பனி ஒட்டியிருந்தது.

“நீர் கரவன் எண்டு சொல்லேக்க எனக்கு இந்தப் பெட்டிதான் கண்ணுக்குள்ள வந்தது. வெளியில பனி எண்டால் என்ன, பாலைவனம் எண்டால் என்ன. நான் பாத்தது றோட்டு மட்டும்தான்.”

“அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“அந்த ஃபைலைத் திறந்தால் உம்மட முகம் சந்தோசத்தில மாறிடும். என்னெண்டு சொல்லுறது?”

குளிர் தாங்கமுடியாமல் மறுபடியும் உள்ளே ஏறினோம். போக வேறு இடம் இல்லை. அங்கே இருந்துகொண்டு, நான் இத்தனை வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். மகனுக்கு மூன்று வயதில் கடும் காய்ச்சல் வந்த நாள். இவர் அல்பேர்ட்டாவில். தெரிந்த ஒருவரும் தொலைபேசி எடுக்கவில்லை. மகளைக் கையில் பிடித்து, மகனைப் போர்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டு, பஸ் தரிப்பிடத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். வீட்டு வாசலில் எங்கள் கார் பனியால் மூடிக் கிடந்தது. கார்த் திறப்பு என் கைப்பையில் இருந்தது.

“வீட்டில கார் நிக்குது, ஒண்டுக்கும் பயமில்லை எண்டு நினைச்சுக்கொண்டுதான் நான் ஓடினனான்” என்றார் அவர். “உமக்கு ஓடத் தெரியாது எண்டதை நான் மறந்தே போனன்.”

எனக்கு அழுகை வந்தது. கோபம் என்று நினைத்தேன், அதுவுமில்லை. இவ்வளவு காலமும் அவர் பறந்து திரிகிறார் என்று நான் எண்ணியிருந்தேன். நான் வீட்டில் நிம்மதியாக இருக்கிறேன் என்று அவர் எண்ணியிருந்தார்.

மறுநாள் காலையில்தான் சாலையைத் திறந்தார்கள். வினிபெக்கில் சாமானை இறக்கிவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, இவர் வரமாட்டார், இரண்டாவது கரவன் வேண்டாம் என்றேன். தங்கையின் கணவர் தொலைபேசியை வாங்கி, “அக்கா, நீங்கள் எங்களோட ஒரே கரவனில வாங்கோ. இந்த வருசம் வேண்டாம், அடுத்த வருசம் போவம். ஆனால் லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வாங்கோ. நேர் றோட்டில ஒரு மணித்தியாலம் ஸ்டியரிங்கைப் பிடிச்சீங்கள் எண்டால் எனக்குக் காணும்” என்றார்.

எங்கள் நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் கார் ஓட்டப் பழக்கும் ஒரு பெண்மணியிடம் போனேன். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் எல்லாரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டார்கள். “பயம் வந்தால் கண்ணாடியைப் பாருங்கோ, என்னைப் பாராதேங்கோ” என்பார். கோடையில் சோதனைக்குப் போய் மறுபடியும் தவறினேன். இலையுதிர்காலத்தில் சித்தியடைந்தேன். கணவர் அந்த வருடக் கடைசியில் நீண்டதூர ஓட்டத்தை விட்டுவிட்டு நகரத்துக்குள் ஓடும் வேலைக்கு மாறினார். எனக்கு வாற மே மாதத்துக்கு விமான டிக்கெற் போட்டாயிற்று. அவர் வரவில்லை. வீட்டில் ஏழு கிழமை தனியாக இருக்கவேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசையாக இருக்கிறது. எனக்கோ, புறப்படும் நாள் கிட்டக் கிட்ட, அந்தக் கரவனுக்குள் மூன்று பேராகப் படுத்தால் வாவாவில் வந்தது மறுபடியும் வருமோ என்ற பயம் போகவில்லை. தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். “மூச்சு முட்டினால் வெளியில பாயைப் போட்டுப் படுங்கோ அக்கா” என்றாள்.

போன சனிக்கிழமை அஜின்கோர்ட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, முதல் தடவையாக 401 நெடுஞ்சாலையில் காரை ஏற்றினேன். கணவர் பக்கத்து இருக்கையில். எப்படியோ நடுத் தடத்துக்குள் போய்விட்டேன். இடப்பக்கம் ஒரு ட்ரக், வலப்பக்கம் ஒரு ட்ரக், பின்னால் ஒன்று. எங்கள் மோர்னிங்சைட்டுக்கு இறங்கும் வெளிவழி கண்ணுக்கு முன்னால் வந்து போனது. விலக இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஊர் பிக்கரிங் போனது, அதற்கடுத்த ஏஜக்ஸ் போனது. உதவி கேட்கலாம் என்று திரும்பினால், மனிசன் வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை.

விற்பியில்தான் என்னால் வெளியேற முடிந்தது. ஏதோ ஒரு கடையின் வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். கார் நின்றதும் அவர் கண் விழித்தார்.

“எங்க நிக்கிறம்?”

“விற்பி.”

“ஏன்?”

“வெளியில வர ஏலாமல் போச்சு. இனி நீங்கள் ஓடுங்கோ.”

அவர் வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார். “இல்லை, நீரே ஓடும்” என்று சொல்லி இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்தார். “எனக்கு இன்னும் நித்திரை வருது.”