மூன்று வேளையும் சாப்பிட்ட கெடார்ப் பெண்கள்

இந்த ஊரில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. எதிர் மேசை ஆன்னெ என் கண்ணெதிரே ரொட்டியைக் கடித்துக்கொண்டே வேலை பார்ப்பாள். வேண்டுமா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கமாட்டாள். ஐந்து வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. நெதர்லாந்தில், உயிரியலையும் சமூகவியலையும் இணைக்கும் ஓர் ஆய்விதழில் துணையாசிரியன் நான். வாழ்கிற வாழ்க்கை உடம்பை என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் இதழின் பேச்சு.

போன மாதம் வந்த கட்டுரையில் கெடார் என்ற பெயரைப் பார்த்ததும் பொசுக்கென்று கண் கலங்கிவிட்டது. விழுப்புரத்துக்குப் பக்கத்திலிருக்கும் என் ஊர். அங்கே கூலிவேலை செய்யும் பெண்களுக்கு ரத்தசோகை. கேள்வித்தாளிலோ மூன்று வேளையும் சாப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டில் குறையில்லை, ஆகவே பரம்பரைதான் காரணம் என்று ஆய்வாளர்கள் முடித்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் வந்து நிற்கும் அந்நியரிடம் சாப்பிடவில்லை என்று எங்கள் ஊரில் எவள் சொல்வாள்?

திண்டிவனத்தில் கல்லூரி முடிந்து, விழுப்புரத்தில் பஸ் மாறி நான் வீடு சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். மல்லாட்டைக் கொல்லையில் கூலிக்குக் கடலை பிடுங்கிவிட்டு வந்த அம்மா கேப்பைக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பும் வைத்திருப்பாள். அந்த வாசம் இன்னும் ஏங்க வைக்கிறது. "நீ சாப்டியாம்மா?" என்பேன். "ஆச்சு, நீ துன்னு." நான் ஒருநாளும் பானையை எட்டிப் பார்த்ததில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அப்போல்லாம் நெஜமாவே சாப்டியா?"

"இருந்தா துன்னுவேன். இப்ப எதுக்கு அத்த நோண்டிக்கினு இருக்க?"

"எழுதணும்மா."

"எழுது. எம் பேர மட்டும் இழுக்காத. மானம் போவும்."

ஆய்வாளர்களுக்கு என் கருத்தை எழுதினேன். சாப்பிட்டீர்களா என்று கேட்காதீர்கள், எல்லோரும் சாப்பிட்டபின் பானையில் என்ன மிச்சமிருந்தது என்று கேளுங்கள். அனுப்பும்முன் படிவத்தில் வழக்கமான கேள்வி: ஆய்வில் பங்கேற்றவர்களோடு உங்களுக்குத் தனிப்பட்ட தொடர்பு உண்டா? உண்டு என்றால் என் கருத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பரம்பரை என்றே அச்சாகிவிடும். நான் யோசிப்பதைப் பார்த்து ஆன்னெ சிரித்தாள். "உனக்கென்ன தொடர்பு? நீதான் இங்கே இருக்கிறாயே."

இல்லை என்று குறியிட்டேன். கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பிப் போயிற்று. கெடாரில் மறுபடியும் வாசல் வாசலாகப் போய்க் கேட்பார்கள், அம்மாவின் வாசலிலும் நிற்பார்கள். அவளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். அவள் என் அம்மா என்பது அவர்களுக்குத் தெரியாது, நான் இப்படிக் குறியிட்டது அவளுக்கும் தெரியாது.