ஓரிரு இடங்களில் ஒன்று, என் முற்றம்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டு முற்றத்தில் மட்டும் மழை பெய்தது.

சிரிக்காதீர்கள்... என் வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரித்தார்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே, கொல்லயில் என்ற ஊரில் எங்கள் வீடு. முற்றத்தில் தார்ப்பாய் விரித்துத் தேங்காய்க் கொப்பரையை வெயிலில் உணக்கப் போட்டிருந்தேன். ஒரு வருஷத்துச் சமையல் எண்ணெய் அது! இன்னும் ஒரு நாள் வெயில் போதும், மில்லுக்குக் கொண்டுபோய்விடலாம். நனைந்தாலோ பூசணம் பிடித்து எல்லாம் பாழ். கண் பரிசோதனைக்குக் காரக்கோணம் கிளம்பிய வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னார்: "எட்டி, மழை வந்தா உடனே வாரிப் போட்டுரணும், கேட்டியா?"

யாரிடம் சொல்கிறார்? கடற்கரையில் ரோஸி இருக்கிறாள், என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். அவளுக்கு ஒரு போன் போட்டால் போதும். அங்கே மழை என்றால் அரை மணி நேரத்தில் இங்கே மழை. ஜூனில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அன்றும் கேட்டேன். "இங்க நல்ல வெயிலாக்கும் டீச்சரே. வலை எல்லாம் உணங்கியாச்சு."

நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தேன். ஒரு இடி! எழுந்து ஓடுவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. டிவியில் "ஓரிரு இடங்களில் மழை" என்பார்களே, அதில் ஒன்று என் முற்றம். எதிர் வீட்டுத் தங்கப்பன் அண்ணன் கொடியில் கிடந்த வேட்டி நனையவே இல்லை. மனுஷன் வாசலில் நின்று எங்கள் மழையை வேடிக்கை பார்த்தார்.

என்ன நடந்தது? ஜூன் மழை கடலிலிருந்து வரும். இப்போது ஐப்பசி; ஐப்பசி மழையோ மத்தியானத்துக்கு மேல் கிழக்கே மலையில் திரண்டு, கடலைப் பார்த்து இறங்கும். வழியில் எங்கே கொட்டும் என்று அதற்கே தெரியாது.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மலைப்பக்கம் ஒற்றசேகரமங்கலத்தில் நாத்தனார் செல்வி இருக்கிறாள். அவளைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்று மாதமாகப் பேச்சில்லையே! ஒரு ஞானஸ்நான விருந்தில், என் மீன்கறிக்குப் புளி போதாது என்று சபை மொத்தமும் கேட்கச் சொன்னவள். அவளுக்கு நான் போன் போடுவதா?

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். கொப்பரையைப் பார்த்தார்.

"இத ஆராக்கும் கழுவுனது?"

"மழை!"

"எங்க மழை? காரக்கோணத்துல ஒரு துள்ளி கிடையாது. வாற வழியெல்லாம் ரோட்டுல பொடி பறக்கு."

அழுகையே வந்துவிட்டது. அவர் தங்கை செல்விக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

"மைனி, இங்க ஒரு மணிக்கே இடியும் மழையும். ஒங்களக் கூப்பிட போன எடுத்தேன்... பெறவு வச்சிட்டேன்."

"ஏன் வச்ச?"

"நீங்களும் கூப்பிடலியே."

கொப்பரை நனைந்த கதையைச் சொன்னேன். உடனே அவளே வழி சொன்னாள்: "ரப்பர் ஷீட்டு புகை போட்டு உணக்குற புரை இங்க சும்மா கெடக்கு, கொப்பரையையும் அதுல உணக்கிரலாம். இப்பமே ஆட்டோல ஏத்தி விடுங்க மைனி."

கொப்பரை பிழைத்தது. எண்ணெயில்தான் கொஞ்சம் ரப்பர் புகை வாசம். பப்படம் பொரித்தால் பக்கத்தில் டயர் எரிகிறதோ என்று தோன்றுகிறது. பரவாயில்லை, ஒரு வருஷம்தானே!

நாத்தனாரோடு பிணங்க வேண்டுமென்றால் ஜூனில் பிணங்குங்கள்... ஐப்பசி பிறப்பதற்குள் ராசியாகிவிடுங்கள்.