இரண்டு வாரம் போதும்

"இன்னும் கொஞ்ச நாள் சேத்து வெச்சு வுடுங்க மேடம். டாக்டருக்குத் தெரிய வேணாம்."

ரேடியேஷன் டெக்னீஷியன் வேலைக்கு வந்ததிலிருந்து நாளைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கூட்டச் சொன்னவர் மஞ்சுநாத் ஒருவர்தான். கெலமங்கலத்துக்காரர். ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிப் பாகங்களைச் சூடேற்றி உறுதியாக்கும் ஹீட் ட்ரீட்மெண்ட் ஃபர்னஸ் ஆபரேட்டர். அவர் மனைவி ரேணுகாவுக்குக் கழுத்திலும் நெஞ்சிலும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். கீமோவிலேயே கட்டி கரைந்து, பெட் ஸ்கேன் சுத்தமாக வந்துவிட்டது. அதனால் டாக்டர் ரேடியேஷன் டோஸைக் குறைத்து இரண்டு வாரத்தோடு முடித்தார். முன்பெல்லாம் நான்கு வாரம் வைப்போம்.

அன்று கடைசி நாள். ரேணுகா உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நின்று நின்று எனக்குக் கால் விட்டுப்போயிருந்தது.

"ஃபர்னஸ்ல ஹீட்டிங் சைக்கிள பாதியில நிறுத்தினா மொத்த லாட்டும் ரிஜெக்ட் மேடம். பார்ட் பாக்க நல்லாதான் இருக்கும். வண்டியில மாட்டின அப்புறம் தேஞ்சு போயிடும். இவளுக்கும் அப்படி ஆயிட்டா?"

டாக்டர் எழுதாமல் ஒரு நாள்கூட என்னால் சேர்க்க முடியாது என்றேன்.

"அப்ப கைவிட்டுட்டீங்க."

சுள்ளென்று கோபம் வந்தது. டாக்டர் விளக்கியாயிற்று, நானும் தினமும் தொண்டை வறளச் சொல்லியாயிற்று. அப்போதுதான் அவர் ரேணுகாவின் ஃபைலை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தேன். கோபம் போய்விட்டது.

"உக்காருங்க. காவேரிப்பட்டினத்துல ஸ்டெல்லா டீச்சர்னு ஒருத்தங்க. இதே வியாதி, சின்ன வயசுல. அப்ப இருந்த வழக்கப்படி நெஞ்சு பூரா முழு டோஸ் வெச்சோம். கட்டி போயிடுச்சு. இப்ப அந்த ரேடியேஷனாலயே இதய வால்வு கெட்டு, நாலு படி ஏற முடியல. போன மாசம் பாத்தப்ப, 'உசுரு மிஞ்சிச்சே, விடுங்க'ன்னு அவங்க என்னையே தேத்துறாங்க. எனக்குத் தாங்கல மஞ்சுநாத்."

அவருக்குப் பின்னால் ரேணுகா துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றியபடி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"ஏங்க, தெனம் சோத்துல கைய வெச்சா ஃபர்னஸ் கதைதானே சொல்றீங்க? அளவுக்கு மேல சூடு ஏத்தினா பார்ட் என்னாகும்?"

மஞ்சுநாத் தரையைப் பார்த்தார்.

"கிராக் வுடும்."

"நான் நல்லா வாழணுங்க. வாங்க, போலாம்."

மஞ்சுநாத் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனார்.

டோஸைக் குறைத்திருக்கிறோம் என்று அன்றிலிருந்து நான் யாரிடமும் சொல்வதில்லை. உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான் என்கிறேன். ஸ்டெல்லா டீச்சருக்கு வேண்டியது எவ்வளவு என்று அந்தக் காலத்தில் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.