இரண்டு பக்கமும் திரி

"இது மெழுகுதிரி" என்று என் கணவர் கைபேசியை நீட்டியபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரையில் பச்சையும் சிவப்புமாகக் கட்டைகள் நின்றன. அவற்றின் மேலேயும் கீழேயும் மெல்லிய கோடுகள்.

"ரெண்டு பக்கமும் திரி உள்ள மெழுகுதிரியை எந்தக் கோயிலிலையப்பா கொளுத்துறவை?" என்றேன். நான் முல்லைத்தீவுக் கரையில் மாதா கோயிலடியில் வளர்ந்தவள். அவர் தர்மபுரத்து வயல்காரர்.

அவர் கோபிக்கவில்லை. பொறுமையாகச் சொல்லித் தந்தார். அது தங்கத்தின் விலையாம். ஒவ்வொரு மெழுகுதிரியும் ஒரு மணித்தியாலம். விலை தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவில் உள்ளது கட்டை. ஏறி முடிந்தால் பச்சை, இறங்கி முடிந்தால் சிவப்பு. இடையில் விலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய தூரம்தான் திரி.

நான் காது குளிரக் கேட்டேன். போன காலபோகத்தில், அந்த மாரி விதைப்பில், கதிர் தள்ளிய நெல்லை வெள்ளம் மூடியதிலிருந்து அவர் வாயில் "ஓம்", "இல்லை" தவிர வேறு கதை இருக்கவில்லை. இந்தக் கைபேசிக்கு ஒரு நேர்த்தி வைத்தாலும் தகும் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு நீடிக்கவில்லை. விதைநெல் வாங்க வைத்திருந்த காசைத் தங்கத்தில் போடப்போவதாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காசு போனால் வயல் தரிசு. கத்தி மறித்தால் மனிதர் மறுபடி ஊமையாகிவிடுவார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு யோசிக்கிறவள் நான். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு, கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"இஞ்ச பாரும், சுத்தியல்!" என்றார். விலை சரிந்து வந்த இடத்தில், உச்சியில் சின்னக் கட்டை, கீழே நீண்ட திரி. விற்கிறவர்கள் இறக்கிப் பார்த்தார்கள், வாங்குகிறவர்கள் திருப்பித் தூக்கிவிட்டார்கள், இனி ஏறக்கூடும் என்பது அதற்கு அர்த்தம். அவர் விரல் வாங்கும் பொத்தானுக்குப் போனது.

"மணித்தியாலம் முடிஞ்சுதோ?"

"இல்லை, இன்னும் கொஞ்சம் கிடக்கு."

"அப்ப இது இன்னும் சுத்தியல் இல்லையே. கரைவலை இழுக்கேக்கை கயிறு பாரமாத்தான் இருக்கும். வலைமடி கரைக்கு வந்தாப் பிறகுதான் மீனோ பாசியோ எண்டு தெரியும். முடியட்டும், பிறகு போடுங்கோ. நான் மறிக்கேல்லை."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை. முடியும்போதும் அது சுத்தியலாகவே நின்றுவிட்டால் என்ன செய்வது? மாதாவே என்று மனதுக்குள் மன்றாடினேன். கட்டை பச்சையானது, சிவந்தது, மறுபடி பச்சையானது. கடைசி நிமிடங்களில் விலை சறுக்கி, அந்த நீண்ட திரி முழுவதையும் சிவப்புக் கட்டை விழுங்கிவிட்டது.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோசம் பயமாகிவிட்டது. இனிச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"காசு போடாமல் இதைப் பார்த்துப் பழகுறன்" என்றார். பிறகு, "நாளைக்கு விதைநெல் எடுக்கப் போவம். இந்தமுறை மேட்டுப்பக்கத்தை முதலிலை விதைப்பம். வெள்ளம் வந்தாலும் அதாவது மிஞ்சும், என்ன?"

"ஓமப்பா" என்றேன். வெள்ளத்துக்குப் பிறகு அவர் "நாளைக்கு" என்று சொன்னது அதுதான் முதல்முறை. நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.