எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர்

என் மகனுக்குத் தன் பெயர் தெரியாது என்பதை எனக்குச் சொன்னது திண்டிவனத்தில் ஒரு மழலையர் பள்ளி. அப்போது அவனுக்கு இரண்டரை வயது. சேர்க்க இடம் கேட்டுப் போயிருந்தேன். ஆசிரியை அவன் பெயரைச் சொல்லி அன்பாக அழைத்தார். அவன் தரையில் உட்கார்ந்து ஒரு பொம்மை லாரியின் சக்கரத்தைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது முறை அழைத்தார். மூன்றாவது முறை கொஞ்சம் சத்தமாகவே அழைத்தார். பக்கத்து வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. என் பிள்ளை பார்க்கவில்லை.

“எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்க மேடம். இந்த வயசுல பேர் சொன்னா திரும்பணும், தன் பேரச் சொல்லவும் சொல்லணும்” என்றார் அவர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் தெருவே சொல்லும். அன்றும் வந்தது. என் பிள்ளைக்கா குறை, உங்கள் பள்ளிக்குத்தான் குறை என்று மனதுக்குள் ஒரு பெரிய சண்டை போட்டு, அதில் ஜெயித்தும் விட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். சாயங்காலம் கைபேசியில் தேடிப் பார்த்தேன். பெயர் சொல்லியும் திரும்பாத குழந்தைக்கு என்னென்ன இருக்கலாம் என்று அது ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, கோபம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் மிச்சம். பிள்ளை பேசுவதும் குறைவு. பஸ்ஸு, தண்ணி, வேணா, தாத்தா, இப்படி ஒரு கைப்பிடி வார்த்தைகள். அதிலும் ‘வேணா’தான் நாளெல்லாம் ஓடும்.

மறுநாளே நானும் என் கணவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போனோம். விழுப்புரம் எனக்குப் புதிதல்ல. அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில்தான் வேலை. தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். குழந்தை மருத்துவர் எங்கள் நிலையத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்தார்.

அவரும் முதலில் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார். மகன் அசையவில்லை. பிறகு அவர் அவன் முதுகுப் பக்கம் போய் நின்று சாவிக்கொத்தை லேசாக ஆட்டினார், சட்டென்று திரும்பினான். பிஸ்கட் பொட்டலத்தின் காகிதத்தைக் கசக்கினார். இன்னும் வேகமாகத் திரும்பினான். மருத்துவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

“வீட்டுல இவனை இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறது யாரு?”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“அது எங்க அப்பா பேரு சார்” என்றார் கடைசியில்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் தலைப்பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். நாங்களும் ஆசையாக வைத்தோம். வைத்த அன்று கோலியனூரிலிருந்து வந்திருந்த என் அண்ணன், தாய்மாமன் முறைக்குக் குழந்தையின் காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னான். அதோடு சரி. என் மாமியார் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார். எங்கள் தெருமுனையில் அதே பெயரில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அதையே அவர் ‘இவங்க பேரு கடை’ என்றுதான் சொல்வார். நான் மாமனார் பெயரைச் சொல்லமாட்டேன். என் கணவர் பெற்ற அப்பாவின் பெயரோடு ‘டா’ சேர்க்கமாட்டார். ஆக, அவர் மகனை ‘நைனா’ என்பார், மாமியார் ‘கண்ணு’ என்பார், நான் ‘தங்கம்’ என்பேன், மாமனார் ‘டேய் பயலே’ என்பார். இந்த நான்கில் எதைச் சொன்னாலும் ஓடி வருவான். வைத்த பெயர் மட்டும் ஆதார் அட்டையில் பத்திரமாக இருந்தது.

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். சீட்டு எழுதும்போது சிரிக்கவில்லை.

“காது நல்லா கேக்குது. ஆனா அதை மட்டும் வச்சு நான் முடிவு பண்ண முடியாது. பதினஞ்சு நாள் எல்லாரும் பேர் சொல்லியே கூப்பிடுங்க. அப்பவும் திரும்பல, தன் பேரச் சொல்லலன்னா, சில டெஸ்ட் எடுத்தே ஆகணும்.”

பஸ்ஸில் திரும்பும்போது பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. எங்கள் நிலையத்துக்கு வரும் பெண்கள் சிலரிடம் வீட்டுக்காரர் பெயர் கேட்டால், பக்கத்தில் இருப்பவரை இடித்துச் சொல்லச் சொல்வார்கள். இல்லையென்றால் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டுவார்கள். “பேரச் சொன்னா வாய் வெந்துடுமாம்மா? ஜல்தி சொல்லுங்க, பின்னாடி கூட்டம் நிக்குது” என்று எத்தனை பேரை விரட்டியிருப்பேன்! படித்த திமிர். அவர்களில் ஒருத்தி அன்று மருத்துவர் அறையில் இருந்திருந்தால் என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்திருப்பாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மாமனாருக்குத்தான் முதலில் ரோஷம் வந்தது.

“கூப்புடுங்களேன்! என் பேரு இன்னா கெட்ட வார்த்தையா? பேஜாரு புடிச்ச ஜனம்!”

மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், ஆள் விட்டு வேலை வாங்கிப் பழகியவர். உத்தரவு போட்டால் நடந்துவிடும் என்று நம்புகிறவர்.

நடக்கவில்லை. என் கணவர் முதல் நாள் தொண்டையைச் செருமிக்கொண்டு பெயரைச் சொன்னார். சொன்ன வேகத்தில் “வாங்க, வந்து பால் குடிங்க” என்று சேர்த்துவிட்டார். பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டான். மாமனார் தானே களத்தில் இறங்கி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் பெயரைத் தானே கூவினார். எதிர் வீட்டுக்காரர் வந்து, “இன்னாங்க, உங்க பேர நீங்களே கூப்டுக்கினு உக்காந்திருக்கீங்க? உடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று விசாரித்துவிட்டுப் போனார். மாமியாரோ, “என்னால ஆவாது. நாப்பது வருஷமா வராத பேரு இப்ப மட்டும் எங்கேர்ந்து வரும்?” என்று சொல்லிவிட்டுக் கேப்பை மாவு சலிக்கப் போய்விட்டார்.

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொல்லிப் பார்த்தேன். முதல் எழுத்து வந்தது. கூடவே மாமனாரின் மீசையும் கண்ணுக்கு முன்னால் வந்தது. மீதி எழுத்துகள் வரவில்லை. எட்டு நாள் இப்படியே போயிற்று. பிள்ளையின் எதிர்காலத்தை விட எனக்கு மாமனார் மரியாதை பெரிதாகப் போய்விட்டதா என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

ஒன்பதாம் நாள் காலை, நிலையத்தில் அடுக்கியிருந்த சீட்டுகளில் அடுத்த பெயரைப் படித்துக் கூவினேன். ஒரு பெரியவர் எழுந்து வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: அதே பெயர். கண்டாச்சிபுரத்துக்காரர். எனக்கு ஒரு தடங்கலும் வரவில்லை. வேலைக் குரலுக்கு மாமனாரும் கிடையாது, மாமியாரும் கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இன்னாம்மா நீயே சிரிச்சிக்கினு கீற? ரத்தத்த எடும்மா, பஸ்ஸு போய்டும்” என்றார் பெரியவர்.

அன்று சாயங்காலமே வீட்டுக் கூடத்தில் கடை விரித்தேன். ஒரு நாற்காலி, ஒரு துண்டு பஞ்சு, ஊசி மாட்டாத புதுச் சிரிஞ்சு ஒன்று, கையில் பழைய நோட்டு. கதவோரம் நின்று நோட்டைப் பார்த்து, வேலைக் குரலில் மகனின் பெயரைக் கூவினேன். அவன் மிரண்டு பார்த்தான். போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, நாற்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கையை மடித்து, பஞ்சால் துடைத்து, “முடிஞ்சிடுச்சு, பஞ்ச நல்லா அழுத்திப் புடிச்சிக்கோங்க” என்று அனுப்பினேன். அவனுக்குப் பிடித்துப்போயிற்று. மூன்றே நாளில், பெயரைக் கூவினால் வீட்டில் எங்கிருந்தாலும் ஓடிவந்து நாற்காலியில் ஏறி முழங்கையை நீட்டினான். என் கணவரும் நோட்டை வாங்கி, படிப்பதுபோல் பாவனை செய்து, அப்பாவின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

பிள்ளை திரும்பினான், வந்தான். ஆனால் சொல்லவில்லை. “உன் பேர் என்ன?” என்று கேட்டால் கையை நீட்டுவான். பதினான்காம் நாளும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் மருத்துவரிடம் போகவேண்டும். எனக்கு ஒரு வேலையிலும் மனம் ஒட்டவில்லை. உப்புமாவில் உப்புப் போடாமல் எல்லோரிடமும் பேச்சு வாங்கினேன்.

பதினோரு மணிக்குப் பார்சல்காரர் ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்தினார். மாமனார் முட்டியில் கட்டிக்கொள்ள என் கணவர் வரவழைத்த பட்டை அது. வந்தவர் பெட்டியைத் திருப்பி, ஒட்டியிருந்த பெயரைப் படித்து, “யாருங்க இது?” என்று கேட்டார்.

“நான்தாம்பா” என்று மாமனார் கையை நீட்டினார்.

உள்ளே விளையாடிக்கொண்டிருந்த மகன் எழுந்து ஓடினான். தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டு தன் பெயரைச் சொன்னான். நடுவில் ஒரு எழுத்தை விழுங்கி, கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னான். “நானு! நானு!” என்று கத்திவிட்டு மறுபடியும் பெயரைச் சொன்னான். தன் பெயரை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறாரே என்று அழுகை வேறு.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. பதினான்கு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அவன் பிறந்த அன்றுகூட இல்லை. அன்று வலிதான் அதிகம்.

பார்சல்காரர் குழம்பிப்போய், “யார்கிட்டங்க குடுக்கறது?” என்றார்.

மாமனார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “அவங்கிட்டயே குடுப்பா. அது அவன் பேருதான். நான் குடுத்துட்டேன்.”

மகன் பெட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டான். அன்று முழுக்க யாரையும் தொடவிடவில்லை. மறுநாள் மருத்துவர் கேட்டபோதும் இரண்டு முறை பெயரைச் சொன்னான். அவர் ஒரு டெஸ்டும் எழுதாமல் பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்த ஞாயிறு மதியம் நடந்ததுதான்.

மாமியார் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சோறு வடித்து, குழம்பை இறக்கி, தட்டுகளை எடுத்து வைத்த பிறகு மாமனாரைப் பார்த்துக் கேட்டார்.

“அப்போ அது இனிமே உங்க பேரு இல்ல?”

“இல்லடி. அவனுதுதான்.”

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். கூடத்துப் பக்கம் திரும்பி அந்தப் பெயரைச் சொன்னார். ஒரு எழுத்தும் குறையாமல், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். “சோறு துன்ன வாடா!” என்றும் சேர்த்துக்கொண்டார்.

மகன் பெட்டியோடு ஓடினான். மாமனாரும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“உங்கள யாரு கூப்ட்டாங்க?” என்றார் மாமியார்.