ஜானவி திறந்துவிட்ட வானம்

கிழக்கேகோட்டை அக்ரகாரத்து ஜானவிக்கு விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வேலை. கடலுக்கு மேலே விமானப்படைப் பயிற்சி உள்ள நாட்களில், பயணிகள் விமானங்களையெல்லாம் சுற்றிப் போகச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்துவிடும். பயிற்சி சீக்கிரம் முடிந்தாலும் மாலைவரை அந்த வானம் பூட்டியேதான் கிடக்கும். இப்போது புதிய ஏற்பாடு வந்திருந்தது. பயிற்சி முடிந்தவுடன் விமானப்படை அந்த வானத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் முதல் நாள் மதியமே போன் அடித்தது. விமானப்படையிலிருந்து பிஜி மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

"மேடம், எங்க பயிற்சி தீர்ந்துபோச்சு. வானத்தை நீங்க எடுத்துக்கலாம், கேட்டோ."

ஜானவி மாலத்தீவு விமானத்தை நேராகப் போகச் சொன்னாள். விமானிக்கு நம்பிக்கையே வரவில்லை.

"நேராவா?"

"நேராத்தான், தாராளமா!" என்றபோது அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

பின்னால் வந்த விமானங்களும் அதே வழியில் பறந்தன. வழக்கமாக வளைந்து நகரும் புள்ளிகள் திரையில் ஒரே கோடாக ஓடின. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்தவள் அம்மா சுப்புலக்ஷ்மியின் கைகளைப் பிடித்துச் சுழற்றினாள்.

"என்னடி, பிரமோஷனா?"

"இல்லேம்மா! ஆகாசத்தைத் தெறந்து விட்டுட்டேன்!"

"விடுடி, தலை சுத்தறது!" என்ற சுப்புலக்ஷ்மி, சிரித்துக்கொண்டே தானாக இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.