பிரேக்கைத் தொட்டவர் ஏற வேண்டும்

என் அப்பா தோட்டத்து லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் ரப்பர் பால் ஏற்றினார், ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட பிறகு பழக்குலை ஏற்றினார். எங்கள் தோட்டத்தில் அவர் ஏறி இறங்காத மேடு கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு நாள் என் காரை விட்டு இறங்கி, "நான் நடந்தே வீட்டுக்குப் போறேன்" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது. அவர் கையில் குடைகூட இல்லை.

நடந்தது இதுதான். எங்கள் வீடு மலேசியாவில், பெடாஸ் பக்கம், தோட்டத்தின் ஓரத்தில், மேட்டின் மேல் இருக்கிறது. வீட்டிலிருந்து செம்பனைகளுக்கு நடுவே இறங்கும் சரிவு நேராகப் போய், சிரம்பானிலிருந்து தம்பினுக்குப் போகும் பெரிய சாலையில் முட்டும். முட்டுகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அன்றைக்குக் கோட்டுக்கு நல்ல தூரம் இருக்கும்போதே பிரேக்கை மிதித்தேன். வேகம் குறைந்தது, ஆனால் கார் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, மூக்கைப் பெரிய சாலைக்குள் நீட்டிய பிறகுதான் நின்றது. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. பக்கத்து இருக்கையில் இருந்த அப்பா, இல்லாத பிரேக்கைத் தன் வலது காலால் மிதித்திருக்கிறார். மிதித்த மிதியில் தரைவிரிப்பு சுருண்டு முன்னால் போய்க் கிடந்தது.

திட்டியிருந்தால் தேவலை. திட்டுக்குத் திட்டு பதில் சொல்ல எனக்கு நன்றாக வரும். அவர் திட்டவில்லை. நான் வீடு திரும்பியபோது தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "காடி நல்லாத்தான் ஓடுது. நிக்கத்தான் மாட்டேங்குது. நிக்காத காடியில நான் ஏற மாட்டேம்மா."

அதோடு சரி. அதன்பிறகு ரெம்பாவ் பாசாருக்குக் காய்கறி வாங்கவோ, கோயிலுக்கோ, கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கவோ, எல்லாவற்றுக்கும் பஸ்தான். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளின் பின்னால். நான் ரெம்பாவில் ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. காலையில் நான் காரில் சரிவு இறங்கி வரும்போது அவர் சாலையோரம் பஸ்ஸுக்கு நிற்பார். நான் நிறுத்துவேன். "நீ போமா, பஸ் வந்துரும்" என்பார். பஸ்ஸுக்கு நிற்கிற நாலு பேரும் இதைப் பார்ப்பார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவர் என்னை நம்பவில்லை என்பதுதான் வலித்தது.

இப்படி இருக்கும்போது அவருக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். சிரம்பான் ஆஸ்பத்திரியில், ஒரு புதன்கிழமை காலையில். "பக்கத்து வீட்டுக்காரரு அவர் காடியில கொண்டு போறேன்னு சொல்லிட்டாரு" என்று எனக்குத் தகவல் கொடுத்தார். வீட்டில் இருப்பதே அவரும் நானும்தான். ஒரே மகள் வீட்டில் கல்லுக்குண்டு மாதிரி இருக்க, அப்பாவை அடுத்த வீட்டுக்காரர் ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதா? அந்தப் புதன்கிழமை அவர் என் காரில்தான் போவார் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

என் கார் இருபது வயதைத் தாண்டிய சின்னக் கார். "வித்துட்டுப் புதுசு எடு" என்று சொல்லாத ஆள் பாக்கி இல்லை. இன்ஜின் நன்றாக இருக்கிறது, உடம்பில் துரு இல்லை, அது எந்தச் சத்தம் போட்டால் என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியும். பிரேக் ஒன்றுதான் குறை. அதற்காகக் காரையே தலைமுழுக எனக்கு மனமில்லை. இதே காரை வைத்திருக்கிறவர்கள் போட்ட வீடியோக்களை ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததில் ஒன்று விளங்கியது. பழுது என்று எதுவும் இல்லை, பிரேக்கே சிறியது. முன்சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் தட்டு ஒரு தேநீர்ச் சாசர் அளவுதான். தட்டையான சாலைக்கு அது போதும். ஈரச் சரிவில், ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கினால் போதாது.

லுக்குட்டில் எனக்குப் பழக்கமான பொர்மேன் ஒருவர் கார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிடச் சின்னவர், நம்மவர். அவரிடம் போய், வேண்டியதையெல்லாம் எழுதிய தாளை நீட்டினேன். பெரிய பிரேக் தட்டு, அதைக் கவ்வும் பெரிய காலிப்பர், புது ரப்பர்க் குழாய், பெரிய ரிம். அவர் தாளை இரண்டு தடவை படித்தார்.

"அக்கா, நீங்க ரேஸா ஓடப் போறீங்க? பிரேக் பேட் மட்டும் மாத்துனா போதும்லா."

"பேட் ரெண்டு தரம் மாத்தியாச்சு தம்பி."

"அப்ப இத வித்துட்டு வேற பாருங்க."

"உங்க வீட்டுக் கதவு சரியா சாத்தலன்னா வீட்டையே வித்துருவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். வெளிநாட்டில் ஓடிக் களைத்த கார்களைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் தேடி, ஒரு வாரத்தில் நான் கேட்டதையெல்லாம் சேர்த்துவிட்டார். தட்டையும் அதை அழுத்திப் பிடிக்கும் பேட்டையும் மட்டும் புதிதாகவே வாங்கினோம். உயிர் விஷயத்தில் பழசு வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்.

சனிக்கிழமை வேலை நடந்தது. கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து, அவர் கையை விட்டுக் கண் எடுக்காமல் பார்த்தேன். பழைய தட்டைக் கழற்றிப் புதிய தட்டின் பக்கத்தில் வைத்தார். பழையது சாசர் என்றால் இது சோற்றுத் தட்டு. பழைய இரும்பு ரிம்முக்குள் இது அடங்காது. அதனால் அகலமான கம்பிகள் வைத்த புது ரிம். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டால் தட்டைத் தொடலாம், அவ்வளவு இடைவெளி. கடைசியில் குழாயிலிருந்து காற்றை எடுக்க நான்தான் பிரேக்கை மிதித்தேன். அவர் கீழே படுத்துக்கொண்டு, "அமுத்துங்க. பிடிங்க. இப்ப விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மிதிக்க மிதிக்கக் காலுக்கடியில் பிரேக் கெட்டிப்படுவது தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் தோட்டத்து லாரிக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக்கைக் கழற்றி மாட்டியவர் யாரோ, அவர் முதல் ஓட்டத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேட்டிலிருந்து இறங்க வேண்டும். வேலையாட்களை மேய்க்கும் மண்டோரே கைவைத்திருந்தாலும் அவரும் ஏற வேண்டும். தன் உயிரும் கூட வருகிறது என்று தெரிந்தால் யாரும் நட்டைத் தளர்வாக விடமாட்டார்கள். இதைப் பொர்மேனிடம் சொன்னேன். மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தார். லுக்குட்டைத் தாண்டிக் காலியான சாலையில் ஒரு மிதி மிதித்தேன். அவர் தொப்பி கழன்று கண்ணாடியில் மோதியது.

"நீங்க நின்னுருவீங்கக்கா. பின்னால வர்றவன் பாடுதான் திண்டாட்டம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "பொர்மேன் ஏறுனானா?"

"ஏறுனாரு."

"ம்" என்றார். காரைச் சுற்றி வந்தார். குனிந்து ரிம்மைத் தடவிப் பார்த்தார். சரி, சாமி மலை இறங்கிவிட்டது என்று நினைத்து, "அப்ப புதங்கிழமை..." என்று ஆரம்பித்தேன். "பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சே" என்று உள்ளே போய்விட்டார். அன்று சமையலறையில் பாத்திரங்கள் பட்ட பாடு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பினேன். கோட்டைத் தாண்டிய அந்த நாளுக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம். சரிவு தொடங்கும் முன், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சமதளத்தில் ஒரு தடவை பிரேக்கை மிதித்துப் பார்ப்பேன். அன்றும் மிதித்தேன். கால் கல்லில் பட்டதுபோல் நின்றது. கார் மட்டும் சற்றே தயங்கிவிட்டுத் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. கைப்பிரேக்கை இழுத்தேன். அது பின்சக்கரத்தைப் பிடிப்பது, அதனால் கார் நின்றது. இன்னும் இருபது அடி போயிருந்தால் சரிவு.

இறங்கினேன். முன்சக்கரத்தில் இருந்து அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தது. குனிந்து பார்த்தேன். ரிம்மின் நடுவில் மூன்று கோடாகத் திருநீறு, அதன் மேல் குங்குமம். உள்ளே பிரேக் தட்டு பளபளவென்று எண்ணெயில் மின்னியது. அடுத்த சக்கரத்திலும் அப்படியே. வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை.

காரை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அப்பா வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"சக்கரத்துல எண்ணெ தடவுனீங்களாப்பா?"

"ஆமா. மழையில அந்தப் புதுத் தட்டு துருப்பிடிச்சிருந்திச்சி. கண்ணுக்குத் தெரியல, கையில சொரசொரன்னு பட்டிச்சி. தேங்காயெண்ண போட்டுத் தொடச்சி, துன்னூறு வச்சேன். லாரிக்கு ஆயுத பூசையப்ப வருசா வருசம் செய்யிறதுதானே."

லாரிக்கு அது சரி. லாரியின் பிரேக் சக்கரத்துக்குள்ளே டப்பா போல மூடிக் கிடக்கும். வெளியே எவ்வளவு எண்ணெய் பூசினாலும் உள்ளே போகாது. என் காரின் பழைய ரிம்மிலும் கை நுழையாது. நான் ஆசைப்பட்டு மாட்டிய புது ரிம்தான் அவருக்கு வழிவிட்டிருக்கிறது. மழையில் நனைந்த தட்டில் மேலாகப் பிடிக்கும் துரு, இரண்டு மிதியில் தானாகவே போய்விடும். அவருக்கு அது தெரியாது.

"அப்பா, அந்தத் தட்டத்தான் பிரேக்கு கவ்விப் பிடிக்கும். அதுலதான் நீங்க எண்ணெ போட்டிருக்கீங்க."

அவர் காப்பியைக் கீழே வைத்தார். "நீ சரிவுல..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

என் நாக்கு நுனியில் ஒரு மாதத்து ஆத்திரம் இருந்தது. காடி நிக்க மாட்டேங்குது என்று சொன்ன மனுஷன்தானே அதை நிற்கவிடாமல் செய்தார் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. என் காரில் ஏறப்போவதில்லை என்றால், கண் தெரியாத மனுஷர் ஈரத் தரையில் முட்டி போட்டு எதற்காகத் துரு துடைத்தார்? திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் உள்ளே போய்ப் பொர்மேனுக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "தேங்காயெண்ணெயா, நல்லெண்ணெயா அக்கா?" என்றார்.

"அதுல என்ன வித்தியாசம்?"

"இல்ல, சும்மா கேட்டேன்." சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார். பேட் எண்ணெயைக் குடித்திருக்கும், இனி அது உதவாது. தட்டை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரே அடித்துக் கழுவிவிட்டுப் புது பேட் போட வேண்டும். "நீங்கதான் பக்கத்துல உக்காந்து பாத்தீங்களே. நீங்களே செஞ்சிரலாம்."

செய்தேன். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு மோட்டாரை இரவல் வாங்கி ரெம்பாவுக்குப் போய்ப் பேட்டும் ஸ்ப்ரேயும் வாங்கி வந்தேன். காரைக் கைப்பிரேக்கை நம்பி மெல்ல உருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினேன். பள்ளிக்கூடத்துக் கிராணியின் கையில் இவ்வளவு கரி ஏறும் என்று எனக்கே தெரியாது. அப்பா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நான் கேட்கும் ஸ்பேனரை விரலால் தடவிப் பார்த்தே எடுத்துக் கொடுத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பேட் மாற்றியதும் ஓட்டுவதற்கு முன் பிரேக்கைப் பல தடவை மிதித்து மேலே கொண்டுவர வேண்டும். அப்பாவை டிரைவர் இருக்கையில் உட்காரச் சொன்னேன். நான் சக்கரத்தருகே இருந்து காலிப்பரைப் பார்த்துக்கொண்டேன்.

"அமுத்துங்கப்பா. இன்னொரு தரம். எப்பிடி இருக்கு?"

"மேல வருது." இன்னும் மூன்று மிதி. "இப்ப கல்லு மாரி நிக்கிது."

இரண்டு சக்கரத்தையும் மாட்டி, நட்டுகளை இறுக்கி, கை கழுவிவிட்டு வந்தேன். தனியாகப் போய் ஓட்டிப் பார்த்து வருவதாக எண்ணம். அப்பா காரை விட்டு இறங்கி, பானட்டைத் தொட்டுக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி வந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"நான் பாத்துட்டு வந்துர்றேம்பா. நீங்க இறங்குங்க."

"பிரேக்க நீயும் தொட்ட, நானும் தொட்டேன். நீ ஓட்டப் போற. அப்ப பக்கத்துல உக்கார வேண்டியது யாரு?"

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சமதளத்தில் பத்துத் தடவையாவது மெல்ல மிதித்து மிதித்துப் புதுப் பேட்டைப் பழக்கினேன். பிறகு சரிவில் இறங்கினேன். முதல் நாள் மழையின் ஈரம் செம்பனை நிழலில் இன்னும் காயவில்லை. வெள்ளைக் கோடு தெரிந்ததும் மிதித்தேன். கார் கோட்டுக்கு ஒரு கார் தூரம் முன்னாலேயே நின்றது. பெரிய சாலையில் குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் கடந்து போனது. கீழே பார்த்தேன். தரைவிரிப்பு போட்ட இடத்திலேயே இருந்தது.

அப்பாவும் அதைக் காலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"புதங்கிழம எத்தன மணிக்கு அங்க இருக்கணும்?"

"எட்டு மணிக்குப்பா."

"பக்கத்து வீட்டுக்காரர வர வேணாம்னு சொல்லிரு. ஆறரைக்கு நம்ம கெளம்பிருவோம்."